பரிசோதித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கும், மயக்க மருத்துவர்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய மருத்துவமனையிலிருந்து எனக்கு வந்த ஒற்றை வரிப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "நோயாளியின் நலன் கருதி, தகுந்த வசதிகள் உள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்." அதன் கீழே ஒரு முத்திரை. எச்.ஐ.வி. உள்ள என் தம்பிக்கு அறுவைச் சிகிச்சையை ஏன் மறுத்தீர்கள் என்று நான் கேட்டிருந்த கேள்வி எதற்கும் அதில் விடை இல்லை. ஆகவே அதே கேள்விகளை இப்போது ஊரறியக் கேட்கிறேன். அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், மற்றவர்கள் எல்லோரும் "நல்லவேளை, நாங்கள் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அந்த நிம்மதிக்கு உங்களில் பலருக்குத் தகுதி இல்லை என்பது, அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு நன்றாகவே தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி அச்சகத்தில் வேலை செய்கிறவன். காகிதக் கட்டுகளைத் தூக்கி இறக்கியே முதுகு வளைந்தவன். ஐம்பதைத் தாண்டிய வயதில் அடிவயிற்றின் வலப்பக்கம் குடலிறக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். சதைக்குள் வலை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். ஊருக்கே தெரிந்த அறுவைச் சிகிச்சைதான். தேதி குறித்தார்கள். முன்பணம் கட்டினோம். இரத்தம் எடுத்தார்கள். எதற்கெல்லாம் எடுக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் எச்.ஐ.வி. என்ற எழுத்தே கிடையாது.

மறுநாள் காலை பச்சை அங்கி உடுத்தி, கையில் ஊசி செருகி, முந்தைய இரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் அவன் காத்திருந்தான். முதலில் "மயக்க மருத்துவர் வரத் தாமதமாகும்" என்றார்கள். பிறகு "அரங்கில் ஒரு கருவி பழுது" என்றார்கள். மாலையில் பணி மருத்துவர் வந்தார். தம்பியிடம் வரவில்லை. பணம் கட்டும் இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த அவன் மகனிடம் போனார். "உங்கள் அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது உங்களுக்குத் தெரியுமா? இங்கே செய்ய முடியாது, வேறு இடம் பாருங்கள்." பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குத் தெரியாது. படிப்பு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று அவனுடைய பெற்றோர் எடுத்துவைத்திருந்த முடிவை, முன்னும் பின்னும் ஆட்கள் நிற்க, உங்கள் மருத்துவர் அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். பையன் என்னைத் தேடி வந்து முதலில் கேட்டது: "அத்தை, அப்பா செத்துப்போய்விடுவாரா?"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில் அதுவரை இல்லாத ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். அவனுடைய கோப்பின் மேலும் அதே சிவப்பு. இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலிப் பெண், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தார். சட்டைக் கையின் மேல் பட்டை சுற்றுவதற்கு இரண்டு ஜோடி! அதே நேரம் பக்கத்துக் கட்டிலில், அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பெரியவருக்கு ஆய்வகப் பையன் வெறுங்கையால் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்து முடித்து, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டான். அந்தப் பெரியவரின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. நான் இந்த மடலில் சொல்ல வருவது முழுவதும் அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

என் தம்பியின் இரத்தத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன? பரிசோதனையில் பாசிட்டிவ் என்பது மட்டும். அவன் 2006 முதல் மாத்திரை எடுக்கிறான் என்பதையோ, கடைசியாகப் பார்த்த வைரஸ் அளவு கருவியில் தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தது என்பதையோ நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் அவனுக்குக் கொடுத்த பச்சைப் புத்தகத்தை எடுத்துக் காட்டியிருப்பான். அது அவன் பையிலேயே இருந்தது.

ஊசி குத்திவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் எனக்குப் புரியாததல்ல. நான் பணியில் இருந்த காலத்தில், காய்ச்சல் வேகத்தில் நினைவு தப்பிக் கிடந்த ஒருவர் கையை உதற, அவருக்குப் போட்ட ஊசி என் கட்டைவிரலில் ஏறியது. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, சிகிச்சை தொடங்கியிருக்கவில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினேன். அன்றே தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் விழுங்கினேன். அந்தக் காலத்து சிடோவுடின் குமட்டலை நினைத்தால் இன்றும் வாயில் கசப்பு ஊறுகிறது. பின்னர் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ். இடையில் ஒரு நாளும் அந்த நோயாளியின் கட்டிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. போக மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு அங்கே வழியும் இல்லை, மனமும் இல்லை.

நான் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஆயிரம் முறை குத்தினால் மூன்று. அதுவும் நோயாளிகளின் வைரஸ் கட்டுக்குள் வராத காலத்து ஆய்வுகளின் கணக்கு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்றால் பழைய கணக்கில் அது 1.8 சதவீதம். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை. உங்கள் மருத்துவமனையில் தரை துடைப்பவருக்கும், குப்பைப் பை கட்டுகிறவருக்கும், கருவி கழுவுகிறவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு என் தம்பியின் இரத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தக் கணக்கைக் கவனமாக வைத்திருக்கிறது. அந்த நாடு முழுவதிலும் 1985 முதல் 2013 வரை பணியின்போது எச்.ஐ.வி. தொற்றியது உறுதியான மருத்துவப் பணியாளர்கள் 58 பேர். 1999-க்குப் பிறகு அதில் ஒரே ஒருவர்தான். அவரும் உயிருள்ள வைரஸை வளர்த்த ஆய்வகத்தில் வேலை செய்தவர். அறுவை அரங்குகளை மூடியதால் வந்த மாற்றமா இது? நோயாளிகளுக்கு நல்ல மருந்து கிடைத்தது. யாராக இருந்தாலும் எல்லோருடைய இரத்தத்தையும் ஒரே கவனத்தோடு கையாளும் பழக்கம் வந்தது. குத்திவிட்டால் உடனே போட மாத்திரை கையில் இருந்தது. வேறு மாயம் எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்ததைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. மருத்துவத்தின் கையிலிருந்து நோயாளிக்குப் போன எச்.ஐ.வி.யின் வரலாறு நீளமானது. 1980-களின் இறுதியில் ருமேனியாவின் அநாதை இல்லங்களில் சுத்தம் செய்யாத ஊசியாலும் ஏற்றிய இரத்தத்தாலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தொற்றியது. லிபியாவின் பெங்காசியில் 1998-ல் ஒரே மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ரத்தோதேரோ என்ற சிறுநகரத்தில் 2019-ல் நூற்றுக்கணக்கான குழந்தைகள். நம் மாநிலத்தில் சாத்தூரில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. உள்ள இரத்தத்தை ஏற்றிவிட்ட செய்தி 2018 டிசம்பரில் வந்தபோது நீங்களும்தான் அதிர்ந்தீர்கள். நோயாளியைப் பார்த்து மருத்துவமனை அஞ்ச வேண்டியதைவிட, மருத்துவமனையைப் பார்த்து நோயாளி அஞ்ச வேண்டிய காரணங்கள் அதிகம். ஆனாலும் எந்த நோயாளியும் உங்கள் மருத்துவரின் கோப்பில் சிவப்புத் தாள் ஒட்டுவதில்லை.

இந்த வைரஸின் பிறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் ஊழியர்களின் முகத்தில் அச்சத்தோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே தெரிகிறது. கேமரூனின் தென்கிழக்குக் காடுகளில் சிம்பன்சிகளின் உடலில் இருந்த ஒரு வைரஸ், வேட்டையாடி இறைச்சி அறுத்த யாரோ ஒருவரின் காயத்தின் வழியாக மனித உடலுக்குள் வந்தது என்பதுதான் இன்று அறிவியல் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம். அங்கிருந்து ஆற்று வழியாக, இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகராக இருக்கும் கின்ஷாசாவை அடைந்து, 1920-களிலிருந்து ரயிலும் வேலை தேடி வந்த கூட்டமும் பெருகிய அந்த நகரத்தில் அது வேர்விட்டது. காலனி அரசு மற்ற நோய்களைத் தடுக்கக் கூட்டம் கூட்டமாகப் போட்ட ஊசிகளும் அதன் பரவலுக்குத் துணைபோயிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 1959-ல் அதே நகரத்தில் எடுத்துவைத்த ஓர் இரத்த மாதிரியில் பின்னாளில் இந்த வைரஸ் தென்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களின் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981-ல் வந்தபோது வைரஸுக்கு அறுபது வயதாகியிருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் அறுபது ஆண்டு பயணம் செய்த ஒன்றுக்கு ஒழுக்கக் கணக்கு எழுதுவது என்ன நியாயம்? என் தம்பிக்கு எப்படி வந்தது என்று அந்தப் பணி மருத்துவர் என்னைக் கேட்டார். குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்க அந்தத் தகவல் எந்த இடத்தில் தேவைப்படும் என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட ஊர் இதுதான் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், டாக்டர் செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரி சேகரித்தார். கையில் உறை கிடையாது. சேகரித்ததை வைக்க இடம் இல்லாமல் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்ததில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். நாடு அதிர்ந்தது, நம்ப மறுத்தவர்களும் இருந்தார்கள். கையுறை இல்லாத காலத்திலும் அந்த மாணவி அந்தப் பெண்களைத் தொட்டு இரத்தம் எடுத்தார். டாக்டர் சுனிதி சாலமன் 2015-ல் மறையும் வரை இந்த நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். அதே ஊரில், எல்லா வசதியும் இருந்தும், இன்று நீங்கள் "இங்கே செய்ய முடியாது" என்கிறீர்கள்.

தாம்பரம் சானடோரியத்தின் பழைய நாட்களை நான் கண்ணால் பார்த்தவள். காசநோய்க்காக 1928-ல் தொடங்கிய இடம் அது. 1990-களில், வேறெங்கும் கட்டில் கிடைக்காத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அங்கேதான் கட்டில் கிடைத்தது. ஆந்திராவிலிருந்தும் ரயிலேறி வருவார்கள். வாய்க்குள் வெள்ளை படர்ந்து எச்சில்கூட விழுங்க முடியாதவர்களுக்கு ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு நாக்கில் தடவுவோம். வயிற்றுப்போக்கு நிற்காது. போர்வையை விலக்கினால் எலும்பின் மேல் தோல் மட்டும் இருக்கும். கூட வந்த சொந்தக்காரர் "டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று போனவர் திரும்பியிருக்க மாட்டார். கொடுக்க மருந்து இல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. மருந்து உலகத்தில் இருந்தது. 1996 முதலே கூட்டு மருந்து பலனளிப்பது தெரியும். ஆனால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். மும்பையின் சிப்லா நிறுவனம் 2001-ல் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்த பிறகுதான் ஏழை நாடுகளுக்குக் கதவு திறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகத் தரத் தொடங்கியபோது, நாட்டின் முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அந்த ஆண்டுகளில் நான் பார்த்ததைப் போல வேறெதையும் பார்த்ததில்லை. தூக்கி வந்தவர்கள் நடந்து போனார்கள். ஆனால் அந்த மருந்துகளும் சும்மா விடவில்லை. என் தம்பிக்கு முதலில் கொடுத்தது ஸ்டாவுடின் சேர்ந்த மாத்திரை. உயிரைக் காத்தது, கன்னத்தை ஒட்டவைத்தது, பாதத்தில் தீயாக எரிச்சலைக் கொடுத்தது. பிறகு இரத்தசோகை தரும் மருந்து, கெட்ட கனவு தரும் மருந்து என்று மாறி மாறி, இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றான ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று. ஒரு காலத்தில் எதிர்ப்பாற்றல் அணுக்கள் 200-க்குக் கீழே சரிந்தால்தான் மருந்து என்றிருந்தது. 2017 முதல் கண்டறிந்த உடனே மருந்து. உயிர் உள்ளவரை விழுங்க வேண்டும். வைரஸ் உடலின் நோய் எதிர்ப்பு நினைவணுக்களின் மரபுக்குள்ளேயே போய்ப் பதுங்கிக்கொள்வதால் மாத்திரை அதை அடக்க முடியும், துடைத்தெறிய முடியாது. நிறுத்தினால் சில வாரங்களில் தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குப் பழகிப்போகும். 2022-ல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் வாரக்கணக்கில் உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இத்தனையும் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் நாட்டில் சுமார் 24 லட்சம் பேர் என்றது அரசின் 2021 மதிப்பீடு. இவர்களில் பலர் இப்போது ஐம்பது, அறுபது வயதை எட்டுகிறார்கள். இனி அவர்களுக்கு வரப்போவது என்ன? மற்ற எல்லோருக்கும் வருவதுதான். கண்புரை, பித்தப்பைக் கல், கருப்பைக் கட்டி, மூட்டுத் தேய்மானம், இதய அடைப்பு, குடலிறக்கம். சிகிச்சை வெற்றி பெற்றதால்தான் அவர்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். இருபது ஆண்டு முன்னால் என் தம்பிக்குக் குடலிறக்கம் வந்திருந்தால் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கவலைப்பட அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. இன்று மாத்திரை இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. சிகிச்சையில் மிச்சமிருக்கும் ஓட்டை உங்கள் அறுவை அரங்கின் வாசலில் இருக்கிறது.

இந்த மருந்து பரவலையும் நிறுத்துகிறது. முறையாக மருந்து எடுத்தால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் நிறுவிய பன்னாட்டு ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள். பின்னர் 2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், வைரஸ் தென்படாத அளவில் இருந்தவர்களிடமிருந்து அவர்களின் துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. என் தம்பி மனைவி இன்றுவரை நெகட்டிவ். ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு வராதது, முகக் கவசமும் கண்ணாடியும் இரட்டைக் கையுறையும் அணிந்த உங்கள் மயக்க மருத்துவருக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடுமா?

"அவர் முன்பே சொல்லியிருக்கலாமே" என்று உங்கள் வரவேற்பறையில் ஒருவர் சொன்னார். சொல்லிப் பார்த்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் பல் பிடுங்கப் போன இடத்தில் உண்மையைச் சொன்னான். வாயில் பஞ்சு வைத்த நிலையில் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவன் எங்கும் சொல்வதில்லை. சொல்லியாக வேண்டும் என்று சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. இப்படி வாயை மூடவைப்பதில் இருக்கும் ஆபத்து உங்களுக்குப் புரிகிறதா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதும் மருத்துவருக்கு, எதிரில் இருப்பவர் டோலுடெக்ராவிர் எடுப்பது தெரிய வேண்டும். அது மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் அமில முறிவு மருந்தையும் அதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதெல்லாம் உண்மையைச் சொன்னவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. உண்மையைச் சொன்னவனைத் துரத்துகிறவர் உண்மையை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னும் ஒன்று. பரிசோதித்துப் பாசிட்டிவ் என்றால் அனுப்பிவிடுவதால் உங்கள் அரங்கு பாதுகாப்பாகிவிடுகிறதா? தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் இரத்தத்தில் வைரஸ் கொதித்துக் கிடக்கும். உங்கள் விரைவுப் பரிசோதனையில் நெகட்டிவ் வரும். அந்த ஆளை நீங்கள் ஒற்றைக் கையுறையோடு, நிம்மதியாக அறுப்பீர்கள். ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்து வைரஸை அடக்கி வைத்திருப்பவனை விரட்டுவீர்கள். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது இந்தப் பாதுகாப்பு. எல்லா நோயாளிக்கும் ஒரே கவனம் என்ற விதியை உலகம் வகுத்ததே இதனால்தான். எச்.ஐ.வி.க்குத் தனி அரங்கு வேண்டியதில்லை, தனிக் கத்தி வேண்டியதில்லை. கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் உங்கள் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் கிருமிகளைக் கொல்கிறது, எச்.ஐ.வி.யோ 56 டிகிரியிலேயே செத்துப்போகிற பலவீனமான வைரஸ். கடைசியில் என் தம்பிக்கு அறுவைச் சிகிச்சை செய்த அரசு மருத்துவமனையில் இருந்தது என்ன தனி வசதி? ஓடாத மின்விசிறி, உட்கார இடம் இல்லாத தாழ்வாரம், அவனை மற்றவர்களைப் போலவே நடத்திய மருத்துவர்கள். உங்களிடம் இல்லாதது அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான்.

மறுக்காதவர்களும் வேறு வழியில் கை வைக்கிறீர்கள். "எச்.ஐ.வி. கிட்" என்று தனியாக ஒரு தொகை கட்டணச் சீட்டில் ஏறுகிறது. எல்லோருக்கும் போட வேண்டிய அங்கிக்கும் கண்ணாடிக்கும் இவர்களிடம் மட்டும் விலை. நாள் முழுவதும் பட்டினி போட்டு, பட்டியலின் கடைசியில் தள்ளுகிறீர்கள். இது மருத்துவமா, அபராதமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் சட்ட ஆலோசகர் சொல்லியிருக்க வேண்டும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. மருத்துவச் சேவையை மறுப்பதைப் பிரிவு 3 தடை செய்கிறது. தெரிவித்து ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது என்பது பிரிவு 5. ஒருவரின் நிலையை அவரின் ஒப்புதல் இல்லாமல் இன்னொருவரிடம் வெளியிடக் கூடாது என்பது பிரிவு 8. பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்பது பிரிவு 19; அது உங்கள் செவிலியர்களுக்காகவும் எழுதப்பட்டது, அதை அவர்களுக்கு நீங்கள் சொல்வதே இல்லை. இருபது பேர் வேலை செய்யும் மருத்துவமனையாக இருந்தாலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது பிரிவு 21. என் புகாரை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது, உங்கள் வரவேற்பறையில் என்னை மருந்துக் கடைக்கும் கணக்குப் பிரிவுக்கும் மாறி மாறி அனுப்பினார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காக எந்த அறுவைச் சிகிச்சையையும் மறுக்கவோ தள்ளிப்போடவோ மாட்டோம் என்று உங்கள் ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உண்மையாகவே மருத்துவக் காரணம் இருந்து ஒத்திவைத்தால், அந்தக் காரணத்தை மருத்துவர் கையெழுத்திட்டு நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். மயக்க மருத்துவர் வரவில்லை, கருவி பழுது என்ற பழைய கதைகள் வேண்டாம்.

பரிசோதனைக்கு முன் எதற்காக என்று சொல்லி, தனித் தாளில் ஒப்புதல் வாங்குங்கள். முடிவை நோயாளியிடம் மட்டும், கதவு உள்ள அறையில் சொல்லுங்கள். புதிதாகப் பாசிட்டிவ் வந்தவரை வெறுங்கையோடு வெளியே விடாமல் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும், அருகில் இருக்கும் அரசு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். கட்டிலிலும் கோப்பிலும் உள்ள சிவப்புத் தாள்களை இன்றே கிழித்துப் போடுங்கள். "எச்.ஐ.வி. கிட்" கட்டணத்தை நிறுத்துங்கள்.

தடுப்பு மாத்திரை ஒவ்வோர் அறுவை அரங்கிலும் இரவு பகலாகக் கையில் இருக்க வேண்டும். ஊசி குத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். மூடியைத் திரும்பப் போடாமல் ஊசியை அப்புறப்படுத்தக் கற்றுக்கொடுங்கள். இதை ஒரு நாள் பயிற்சியில் முடித்துவிடலாம். வேண்டுமென்றால் நானே வந்து சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம்.

புகார் அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வரவேற்பறையில் தமிழில் எழுதி வையுங்கள். மருத்துவர் சங்கங்களின் பொறுப்பாளர்களே, மறுக்கும் உறுப்பினர்கள் மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாநில சுகாதாரத் துறையும் சும்மா இருக்க வேண்டாம்: தனியார் மருத்துவமனைகளின் பதிவைப் புதுப்பிக்கும்போது, இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

என் தம்பியைத் திருப்பி அனுப்பிய மருத்துவமனைக்குத் தனியாக ஒன்று. முன்பணத்தில் பிடித்துக்கொண்ட தொகையைத் திருப்பித் தாருங்கள். அவனிடமும், பணம் கட்டும் வரிசையில் நின்ற அந்தப் பையனிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று உங்கள் நுழைவாயிலில் சிவப்பு நாடா வளைவு வைப்பதற்கு முன் அந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த மனு சட்டப்படி குறைதீர்ப்பாளரிடம் போகும். அதற்கான தாள்கள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், சென்னை
(என் பெயரை எழுதினால் தம்பியின் பெயரும் வெளிப்பட்டுவிடும் என்பதால் எழுதவில்லை. அவனுடைய ஒப்புதலைக் கேட்டுப் பெற்ற பிறகே இவ்வளவும் எழுதினேன்.)